ஐ.டி. வேலைக்குச் சான்றிதழ் உதவுமா? என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெட்வொர்க், கிளவுட் பராமரிப்பு வேலையில் பதினான்கு ஆண்டுகளாக இருக்கிறேன். எங்கள் குழுவுக்கு ஆள் எடுக்கும்போது நேர்முகத் தேர்வு செய்பவர்களில் நானும் ஒருவன். கல்யாணப் பந்தியில் இலை போடுவதற்குள் யாராவது ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "பையன் ஏதோ கோர்ஸ் சேருகிறேன் என்கிறான்" என்று ஆரம்பித்துவிடுகிறார். சாம்பார் ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. அதனால் எழுதிவைத்துவிட்டேன். கேள்விகளைக் கூடுமானவரை கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

அண்ணா, சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். சான்றிதழ் வாங்கினால் வேலை கிடைக்குமா?

கிடைக்காது. நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வரலாம், அதுவும் சில வகை வேலைகளுக்கு மட்டும். அவசரத்தில் இருப்பவர்கள் இத்தோடு எழுந்துபோனாலும் நஷ்டமில்லை.

உட்கார்ந்திருப்பவர்களுக்கு இன்னும் கொஞ்சம் சொல்கிறேன். சான்றிதழால் தொடக்கநிலையில் இருப்பவருக்கு இரண்டு பயன்கள் உண்டு. நூறு ரெஸ்யூமேக்களில் இருபதைப் பொறுக்கும்போது உங்களுடையது கண்ணில் படும் என்பது ஒன்று. எதைப் படிப்பது, எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் திண்டாடுகிறவருக்கு ஓர் ஒழுங்கான பாடத்திட்டம் கிடைக்கிறது என்பது மற்றொன்று. என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் பெரிய பயன். அதற்குக் காசும் வேண்டாம். ரூட்டர் போன்ற நெட்வொர்க் கருவிகளைச் செய்யும் சிஸ்கோ, தன் தொடக்கநிலை நெட்வொர்க் தேர்வான சி.சி.என்.ஏ.வுக்கான பாடத்திட்டத்தை இலவசமாகவே வெளியிட்டிருக்கிறது. ஐ.பி. இணைப்புக்கு 25 சதவீதம், பாதுகாப்பு அடிப்படைகளுக்கு 15 சதவீதம் என்று எந்தப் பகுதிக்கு எவ்வளவு எடை என்பதுவரை அதில் இருக்கிறது. அதை அச்செடுத்துச் சுவரில் ஒட்டிக்கொண்டு வரிவரியாக முடிப்பவருக்குத் தேர்வு எழுதும் முன்பே பாதிப் பலன் வந்துவிடும்.

என்னிடம் பன்னிரண்டு சான்றிதழ்கள் இருக்கின்றன. எல்லாம் ஆன்லைன் கோர்ஸ் முடித்ததற்குக் கொடுத்தவை. இவை கணக்கில் வருமா?

வராது. பாடத்தைக் கடைசிவரை பார்த்ததற்குக் கொடுக்கும் சான்றிதழ் வேறு, கண்காணிப்போடு நடந்த தேர்வில் தேறியதற்குக் கொடுக்கும் சான்றிதழ் வேறு. முதலாவது வருகைப் பதிவேடு போன்றது. வீடியோவை ஓடவிட்டுவிட்டுக் குளிக்கப் போனாலும் அது கிடைக்கும் என்பது கொடுப்பவருக்கும் தெரியும், பார்க்கிற எனக்கும் தெரியும். பன்னிரண்டையும் ரெஸ்யூமேயில் அடுக்கினால், "இவர் எதையும் ஆழமாகத் தொடவில்லை போலிருக்கிறது" என்றுதான் தோன்றும். இரண்டை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாடங்களை வைத்து எதையாவது செய்திருந்தால் அதைப் பக்கத்தில் எழுதுங்கள்.

இடைப்பட்ட ரகம் ஒன்று உண்டு: என்.பி.டி.இ.எல். ஐ.ஐ.டி.களும் ஐ.ஐ.எஸ்சி.யும் சேர்ந்து 2003-ல் தொடங்கியது. பாடம் இலவசம். சான்றிதழ் வேண்டுமென்றால் கட்டணம் கட்டி, தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். வாராந்தரப் பயிற்சிகளுக்கு 25 சதவீதமும் தேர்வுக்கு 75 சதவீதமும் சேர்த்து மதிப்பெண் போடுகிறார்கள். கல்லூரி மாணவர்களுக்குக் கொடுத்த காசுக்கு நியாயமான சரக்கு என்று இதைத் தயங்காமல் சொல்வேன்.

எந்தெந்த வேலைக்கு உண்மையிலேயே மதிப்பு இருக்கிறது?

நெட்வொர்க்கிங், சர்வர்களில் ஓடும் லினக்ஸ் இயங்குதளத்தின் நிர்வாகம், கிளவுட், சேல்ஸ்ஃபோர்ஸ் போன்ற குறிப்பிட்ட தயாரிப்பைச் சார்ந்த வேலைகள் ஆகியவற்றில் மதிப்பு இருக்கிறது. டெஸ்டிங்கில் ஓரளவு உண்டு. புரோகிராம் எழுதும் வேலையில் கிட்டத்தட்ட இல்லை. அங்கே ஒரு கணக்கைக் கொடுத்து எழுதச் சொல்வார்கள். நிரல் ஓடினால் அடுத்த சுற்று, இல்லாவிட்டால் வீடு.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் இருக்கிறது. புரோகிராம் எழுதத் தெரியுமா என்பதை அரை மணி நேரத்தில் சோதித்துவிடலாம். ஒருவரிடம் வங்கியின் ரூட்டரை நம்பி ஒப்படைக்கலாமா என்பதை அப்படிச் சோதிக்க முடியாது. அதனால் அங்கே வெளியார் ஒருவர் போட்ட முத்திரை தேவைப்படுகிறது. முத்திரைகளிலும் தரவரிசை உண்டு. லினக்ஸ் மென்பொருள் விற்கும் ரெட் ஹேட் நிறுவனத்தின் ஆர்.ஹெச்.சி.எஸ்.ஏ. தேர்வில் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியே கிடையாது. உயிருள்ள லினக்ஸ் இயந்திரத்தைக் கையில் கொடுத்து, இதைச் செய், அதைச் செய் என்பார்கள். செய்தது போதாது, இயந்திரத்தை மறுதொடக்கம் செய்த பிறகும் அது நிலைத்திருக்க வேண்டும். மென்பொருள்களைப் பல கணினிகளில் பரப்பி ஓட்டும் குபர்னெட்டிஸ் என்ற கருவியின் நிர்வாகிகளுக்கான சி.கே.ஏ. தேர்வும் இதே ரகம்: இரண்டு மணி நேரம், முழுக்கக் கைவேலை. ரெஸ்யூமேயில் இவற்றைப் பார்த்தால் நான் நிமிர்ந்து உட்காருவேன்.

நீங்கள் இப்படிச் சொல்கிறீர்கள். ஆனால் வேலை விளம்பரத்தில் 'சான்றிதழ் உள்ளவர்களுக்கு முன்னுரிமை' என்று போடுகிறார்களே, ஏன்?

இதில் வெளியே அதிகம் பேசப்படாத வியாபாரக் காரணம் ஒன்று இருக்கிறது. சிஸ்கோ, மைக்ரோசாஃப்ட், அமேசான் போன்றவை தங்கள் தயாரிப்புகளை விற்று, நிறுவி, பராமரிக்கும் நிறுவனங்களுக்குக் கூட்டாளி நிறுவனம் என்ற தகுதியைப் படிப்படியாகக் கொடுக்கின்றன. மேல்படிக்குப் போக வேண்டுமானால், சான்றிதழ் பெற்ற ஊழியர்கள் இத்தனை பேர் இருக்க வேண்டும் என்று கணக்கு உண்டு. அந்தத் தலைக்கணக்கில் ஒருவர் குறைந்தால் நிறுவனத்தின் தள்ளுபடியும் சலுகைகளும் போய்விடலாம். ஆகவே சில நிறுவனங்களுக்கு உங்கள் அறிவைவிட உங்கள் சான்றிதழ் அவசரமாகத் தேவைப்படும் நேரங்களும் வரும்.

இதைத் தெரிந்துகொண்டு விண்ணப்பியுங்கள். பெரிய மென்பொருள் நிறுவனங்களை மட்டும் குறிவைக்காமல், சென்னையிலும் கோவையிலும் இருக்கும் நடுத்தர நெட்வொர்க் ஒருங்கிணைப்பு நிறுவனங்களையும் பாருங்கள். அலுவலகங்களுக்குக் கேபிள் போடுவது முதல் ஃபயர்வால் வைப்பதுவரை செய்து தருபவர்கள் அவர்கள். அங்கே சி.சி.என்.ஏ.வுக்கு இன்றும் மரியாதை இருக்கிறது. சம்பளம் குறைவு, அலைச்சல் அதிகம், கற்றுக்கொள்வது ஏராளம்.

மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். கேம்பஸ் தேர்வுக்கு உதவுமா?

பெரிதாக உதவாது. பெரிய சேவை நிறுவனங்கள் கேம்பஸில் பார்ப்பது மதிப்பெண் சதவீதம், அரியர் நிலவரம், திறனறித் தேர்வு, நிரல் எழுதும் சுற்று ஆகியவற்றைத்தான். கையில் இருக்கும் நேரத்தை அதற்குச் செலவிடுங்கள். கல்லூரியிலேயே 'நான் முதல்வன்' திட்டத்தில் ஏதாவது படிப்பு கொடுத்தால், வருகைக்காக உட்காராமல் அதை உருப்படியாகப் படியுங்கள்.

நான் பி.காம். பொறியியல் படிக்கவில்லை. இதெல்லாம் எனக்கு ஆகுமா?

உங்களைப் போன்றவர்களுக்குத்தான் அதிகமாக ஆகும். கணினி அறிவியல் பொறியாளர் சி.சி.என்.ஏ. வைத்திருந்தால் அது ஒரு கூடுதல் வரி. பி.காம். படித்தவர் வைத்திருந்தால், 'இவர் தற்செயலாக இந்தப் பக்கம் வரவில்லை' என்பதற்கு அதுவே சாட்சி. சிஸ்கோ, அமேசான், மைக்ரோசாஃப்ட் நிறுவனங்களின் தொடக்கநிலைத் தேர்வுகள் எதற்கும் பட்டம் தேவையில்லை.

ஆனால் நுழைவாயில் எது என்பதில் தெளிவு வேண்டும். உங்களுக்கு முதலில் திறக்கக்கூடியது டெஸ்க்டாப் சப்போர்ட், ஹெல்ப் டெஸ்க், நெட்வொர்க் கண்காணிப்பு மையம் போன்ற இடங்கள். இரவுப் பணி இருக்கும். நானும் அப்படித்தான் வந்தேன். முதல் ஒன்றரை ஆண்டு, பிரிண்டரில் தாள் சிக்கியதற்கும் கடவுச்சொல் மறந்ததற்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களுக்கு வேறு பாதைகளும் உண்டு. ஸோஹோ 2005 முதல் தன் பயிற்சிப் பள்ளியில் பட்டம் கேட்காமல் மாணவர்களைச் சேர்த்து, உதவித்தொகையும் கொடுத்துப் பயிற்றுவிக்கிறது. ஹெச்.சி.எல். நிறுவனத்தின் டெக்பீ திட்டமும் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களுக்கானது. இரண்டிலும் சேர இந்தச் சான்றிதழ்கள் எதுவும் தேவையில்லை.

மொத்தம் எவ்வளவு செலவாகும்?

தேர்வுக் கட்டணத்தை மட்டும் சொல்கிறேன். சி.சி.என்.ஏ. 300 டாலர். 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்ந்தால் முப்பதாயிரம் ரூபாயைத் தொடும். கணினிகளை இணையம் வழியாக வாடகைக்குத் தரும் அமேசானின் கிளவுட் சேவை ஏ.டபிள்யூ.எஸ். அதன் கிளவுட் பிராக்டிஷனர் தேர்வு 100 டாலர். அதற்கு அடுத்த படியான சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் அசோசியேட் 150 டாலர். ஒரு தேர்வில் தேறினால் அடுத்ததற்குப் பாதிக் கட்டணத் தள்ளுபடி தருகிறார்கள். மைக்ரோசாஃப்ட் நாட்டுக்கு நாடு விலையை மாற்றிவைத்திருப்பதால் அதன் கிளவுட் சேவையான அஸூரின் அடிப்படைத் தேர்வு நம் ஊரில் மலிவாகவே முடியும்.

பாடத்துக்குத் தனியாக ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாமல் இவற்றில் தேற முடியும். மைக்ரோசாஃப்ட், அமேசான் இரண்டுமே இலவசப் பாடங்களை வைத்திருக்கின்றன. சிஸ்கோவின் நெட்வொர்க்கிங் அகாடமியில் பதிவு செய்தால், கணினித் திரையிலேயே நெட்வொர்க் கட்டிப் பழக உதவும் பேக்கெட் ட்ரேசர் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கும்.

பயிற்சி மையத்தில் 'நூறு சதவீத வேலை உத்தரவாதம்' என்கிறார்கள். நம்பலாமா?

அந்தச் சொற்றொடரைப் பார்த்ததும் எழுந்துவந்துவிடுங்கள். வேலை கொடுப்பது நிறுவனம். பயிற்சி மையம் எப்படி அதற்கு உத்தரவாதம் தர முடியும்? ஒப்பந்தத்தை வாங்கிப் படித்தால், உத்தரவாதம் என்பது 'உதவி' என்று சுருங்கியிருக்கும். உதவி என்பது, வேலைவாய்ப்புத் தளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய அறிவிப்பை வாட்ஸ்அப் குழுவில் போடுவது.

நானும் ஒருமுறை ஏமாந்தவன்தான். பெயர் வேண்டாம். 'ஆறு ரூட்டர்கள் கொண்ட ஆய்வகம்' என்று துண்டறிக்கையில் போட்டிருந்தார்கள். போய்ப் பார்த்தால் ரூட்டர்கள் உண்மையிலேயே ஆறு இருந்தன, கண்ணாடி அலமாரிக்குள், பூட்டி. மூன்று மாதத்தில் அந்த அலமாரி ஒரே ஒரு நாள் திறந்தது, ஆயுதபூஜைக்கு. சந்தனம், குங்குமம் வைத்துவிட்டுத் திரும்பவும் பூட்டிவிட்டார்கள்.

எல்லா மையங்களும் இப்படி இல்லை. தனியாக உட்கார்ந்து படிக்க வராதவர்களுக்கு வகுப்பும் கூட்டாளிகளும் தேவைதான். சேரும் முன் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். வகுப்பு எடுப்பவர் இப்போதும் அந்த வேலையில் இருக்கிறாரா? ஆய்வகத்தில் எனக்கு வாரத்துக்கு எத்தனை மணி நேரம்? போன குழுவில் படித்த மூன்று பேருடன் பேசலாமா? மூன்றாவது கேள்விக்கு இழுத்தடித்தால் மேற்கொண்டு யோசிக்க வேண்டியதில்லை.

எனக்குச் சான்றிதழ் இருக்கிறது. அழைப்பும் வருகிறது. நேர்முகத் தேர்வில் போய்விடுகிறது. அப்படி என்னதான் கேட்கிறீர்கள்?

நான் வழக்கமாகத் தொடங்கும் கேள்வி இதுதான்: "இரண்டாவது மாடியிலிருந்து கணக்குப் பிரிவு ஊழியர் ஒருவர் அழைக்கிறார். இணையம் வரவில்லை என்கிறார். என்ன செய்வீர்கள்?"

போன ஆண்டு ஒரே நாளில் இரண்டு பேர் வந்தார்கள். முதலாமவரிடம் சி.சி.என்.ஏ. இருந்தது. அவர், நெட்வொர்க் வேலையை அடுக்குகளாகப் பிரித்துக் காட்டும் ஓ.எஸ்.ஐ. மாதிரியின் ஏழு அடுக்குகளையும் வரிசை தவறாமல் ஒப்பித்தார். "சரி, இப்போது அவருடைய கணினிக்கு முன் நிற்கிறீர்கள். முதலில் கையை எங்கே வைப்பீர்கள்?" என்றேன். மறுபடியும் முதல் அடுக்கிலிருந்து ஆரம்பித்தார். இரண்டாமவர் பி.எஸ்சி. இயற்பியல். ஊரில் பிரவுசிங் சென்டரைப் பார்த்துக்கொண்டவர். அவர் முதலில் என்னைத் திருப்பிக் கேட்டார்: "அவருக்கு மட்டும் வரவில்லையா, பக்கத்து மேசைக்கும் வரவில்லையா சார்?" பாதி விடை அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது. பிறகு, கேபிள் சொருகிய இடத்தில் விளக்கு எரிகிறதா என்று பார்ப்பேன் என்றார். அடுத்து ஐ.பி. முகவரி. "அது 169.254 என்று தொடங்கினால்?" என்று கேட்டேன். "டி.ஹெச்.சி.பி.யிடமிருந்து முகவரி வரவில்லை, கணினி தானாகவே ஒன்றைப் போட்டுக்கொண்டிருக்கிறது" என்றார். முகவரி சரியாக இருந்தால், வெளியே போகும் வாசலான கேட்வேயிடமிருந்து பதில் வருகிறதா என்று பிங், அதுவும் சரியென்றால் பெயரால் போகாத தளம் எண்ணால் போகிறதா என்று பார்த்து, பெயரை எண்ணாக மாற்றித் தரும் டி.என்.எஸ்.-இல் சிக்கலா என்று முடிவு செய்வேன் என்றார். அவரைத்தான் எடுத்தோம். வேலையில் சேர்ந்து எட்டு மாதம் கழித்து அவரும் சி.சி.என்.ஏ. எழுதினார், கட்டணம் நிறுவனத்துடையது.

முதலாமவர் படிக்காதவர் இல்லை. அந்த ஏழு அடுக்குகளில்தான் அவர் பதிலும் இருந்தது. கேபிளும் விளக்கும் முதல் அடுக்கு, பிங் மூன்றாவது. படித்ததை ஒரு பழுதோடு பொருத்திப் பார்க்கும் சந்தர்ப்பம் அவருக்கு வாய்த்திருக்கவில்லை. நீங்கள் தோற்பதும் பெரும்பாலும் அங்கேதான்.

பொருத்திப் பார்க்க வேலை வேண்டும், வேலைக்கு அனுபவம் வேண்டும் என்கிறார்கள். அனுபவத்துக்கு எங்கே போவது?

வீட்டிலேயே கெடுத்துச் சரிசெய்யுங்கள். பேக்கெட் ட்ரேசரில் மூன்று ரூட்டர்கள், இரண்டு சுவிட்சுகள் வைத்து ஒரு அலுவலகத்தைக் கட்டுங்கள். எல்லாம் வேலை செய்ததும் கோப்பை நண்பரிடம் கொடுத்து, நான்கு இடங்களில் ரகசியமாகக் கெடுத்துத் தரச் சொல்லுங்கள். நான்கையும் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆனது என்று நோட்டில் குறியுங்கள். பத்து முறை செய்த பிறகு அந்த நோட்டோடு நேர்முகத் தேர்வுக்கு வாருங்கள். லினக்ஸ் என்றால் பழைய மடிக்கணினியில், கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ், அதற்குள் ராக்கி லினக்ஸ், இரண்டுமே இலவசம்.

கிளவுட் பழகுகிறவர்களுக்கு எச்சரிக்கை ஒன்று. கணக்கு தொடங்கிய அன்றே, வேறு எதையும் தொடும் முன், பட்ஜெட் எச்சரிக்கையை அமைத்துவிடுங்கள். ஏ.டபிள்யூ.எஸ்.-இல் நாட் கேட்வே என்று ஒன்று உண்டு. அதன் வழியாக ஒரு பைட்டும் போகாவிட்டாலும் மணிக்கணக்கில் கட்டணம் ஓடும், ஆட்டோவின் வெயிட்டிங் சார்ஜ் மாதிரி. பயிற்சிக்காக அதை உருவாக்கி, அழிக்க மறந்து, தீபாவளிக்கு ஊருக்குப் போய்விட்ட ஒரு பையனை எனக்குத் தெரியும். திரும்பி வந்தபோது பில் காத்திருந்தது. நேர்முகத் தேர்வில் அந்தக் கதையை அவன் சொன்ன விதத்துக்கே வேலை கொடுத்திருக்கலாம்.

டம்ப் படித்து எழுதினால் சுலபமாகத் தேறலாம் என்கிறார்களே?

திருடப்பட்ட தேர்வுக் கேள்விகளும் விடைகளும்தான் டம்ப். தேறலாம்தான். ஆனால் தேர்வு எழுதும்போது நீங்கள் ஒப்புக்கொள்ளும் நிபந்தனைகளிலேயே இது முறைகேடு. கண்டுபிடித்தால் சான்றிதழை ரத்துசெய்து, இனி எழுத முடியாமல் தடையும் போடுவார்கள். அது ஒரு பக்கம் இருக்கட்டும். அடுத்த நாள் என் முன்னால் வந்து உட்கார வேண்டும். மேலே சொன்ன இரண்டாவது மாடிக் கேள்விக்கு எந்த டம்பிலும் விடை இல்லை. முப்பதாயிரம் ரூபாய் கட்டி, 'எனக்குத் தெரியாது' என்று நிரூபிக்க ஒரு வாய்ப்பை வாங்குவானேன்?

தேர்வு நாளன்று கவனிக்க வேண்டியது என்ன? வீட்டிலிருந்தே எழுதலாமா?

முதலில் பெயர். நம் ஊர்க்காரர்கள் அதிகம் மாட்டுவது இதில்தான். தேர்வுப் பதிவில் இருக்கும் பெயரும் அடையாள அட்டையில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். நமக்கோ கல்லூரிச் சான்றிதழில் 'கே. முருகன்', பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்து 'முருகன் கருப்பசாமி', ஆதாரில் இனிஷியல் பின்னால். பதிவுப் படிவத்தில் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்கள் வேறு. எந்த அட்டையைக் கொண்டுபோகப் போகிறீர்களோ அதை மேசைமேல் வைத்துக்கொண்டு, பார்த்துப் பார்த்துப் படிவத்தை நிரப்புங்கள். பிழை இருந்தால் தேர்வுக்குச் சில நாட்கள் முன்பே எழுதித் திருத்திவிடுங்கள். வாசலில் திருப்பி அனுப்பினால் கட்டணமும் போய்விடக்கூடும்.

பல தேர்வுகளை வீட்டிலிருந்தே எழுதலாம். மேசை துடைத்துவைத்தது போல் வெறுமையாக இருக்க வேண்டும். அறையின் நான்கு பக்கங்களையும் படமெடுத்து அனுப்ப வேண்டும். தேர்வு முடியும்வரை அறைக்குள் யாரும் வரக்கூடாது. பாட்டி காபி கொண்டுவந்தாலும் தேர்வை நிறுத்திவிடுவார்கள். மின்வெட்டும் கூட்டமும் உள்ள வீடு என்றால் மையத்துக்கே போவது நல்லது.

மூன்று வருடத்தில் காலாவதியாகிவிடுமாமே? பிறகு திரும்பவும் பணம் கட்டவேண்டுமா?

சான்றிதழைப் பொறுத்தது. சி.சி.என்.ஏ.வும் ஏ.டபிள்யூ.எஸ். சான்றிதழ்களும் மூன்று ஆண்டு. சி.கே.ஏ. இரண்டு ஆண்டு. மைக்ரோசாஃப்ட்டின் அடிப்படைநிலைச் சான்றிதழ்கள் காலாவதியாவதில்லை. அதற்கு மேல்நிலைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஓர் ஆண்டுதான், ஆனால் இணையத்தில் இலவச மதிப்பீடு எழுதிப் புதுப்பித்துக்கொள்ளலாம். டெஸ்டிங்கின் ஐ.எஸ்.டி.கியூ.பி. அடிப்படைச் சான்றிதழ் ஆயுளுக்கும்.

சான்றிதழ் மட்டுமல்ல, தேர்வே செத்துப்போவதும் உண்டு. ஒருகாலத்தில் எம்.சி.எஸ்.இ. என்று சொன்னாலே அலுவலகத்தில் நாற்காலி போட்டு உட்காரவைப்பார்கள். 2021 ஜனவரியோடு மைக்ரோசாஃப்ட் அதை மூடிவிட்டது. ஆகவே வேலை தேடத் தயாராகும்போது எழுதுங்கள். முதலாம் ஆண்டிலேயே எழுதி வைத்துக்கொண்டால், வேலை தேடும் நேரத்தில் அதற்கு மூப்பு வந்திருக்கும்.

நேராக சைபர் செக்யூரிட்டிக்குப் போகலாமா? அதில்தான் சம்பளம் அதிகமாம்.

பாதுகாக்க வேண்டியது எப்படி இயங்குகிறது என்று தெரியாமல் அதைப் பாதுகாக்க முடியாது. நெட்வொர்க்கும் லினக்ஸும் முதலில். பிறகு காம்ப்டியாவின் செக்யூரிட்டி பிளஸ் போலத் தொடக்கநிலைத் தேர்வு ஒன்று. பெரிய பெயர்களில் மயங்க வேண்டாம். சி.ஐ.எஸ்.எஸ்.பி.க்கு ஐந்து ஆண்டுப் பணி அனுபவம் தேவை. தேர்வில் தேறினாலும் அனுபவம் சேரும்வரை 'அசோசியேட்' என்றுதான் போட்டுக்கொள்ள முடியும். "மூன்றே மாதத்தில் சி.ஐ.எஸ்.எஸ்.பி." என்று தொடக்கநிலையினரிடம் விற்கிறவர், இதைச் சொல்லாமல் விற்கிறார்.

எஸ்.ஏ.பி. படித்தால் நல்ல வேலை என்று சித்தப்பா சொல்கிறார்.

சித்தப்பாவுக்குப் பொருந்தும், உங்களுக்குப் பொருந்துமா என்று தெரியவில்லை. எஸ்.ஏ.பி. என்பது நிறுவனத்தின் கணக்கு, கொள்முதல், கிடங்கு ஆகியவற்றை நடத்தும் மென்பொருள். தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் ஐந்து ஆண்டு இருந்தவர் அதன் நிதிப் பகுதியைப் படித்தால், அவருக்குத் தெரிந்த வேலைக்குப் புதுக் கருவி கிடைக்கிறது. கொள்முதல் ஆணை ஒன்றைக் கண்ணால் பார்த்திராத புதியவர் அதே படிப்புக்குப் பணம் கட்டினால், எந்தத் திரையில் எதை அழுத்துவது என்று தெரியும், ஏன் அழுத்துகிறோம் என்பது தெரியாது.

மூன்று வருட இடைவெளி இருக்கிறது. அனுபவச் சான்றிதழ் தயார்செய்து தருகிறோம் என்கிறார்கள். எல்லோரும் செய்வதுதானே?

எல்லோரும் செய்வதில்லை. செய்தவர்களில் பலர் ஆறாவது மாதத்தில் பெட்டியைக் கட்டியதைப் பார்த்திருக்கிறேன். பின்னணிச் சரிபார்ப்பில் வருங்கால வைப்பு நிதிக் கணக்கைப் பார்க்கிறார்கள். மூன்று ஆண்டு வேலை பார்த்ததாகக் காகிதம் சொல்லும், ஒரு மாதச் சந்தாகூட இருக்காது. பிடிபட்டால் அந்த வேலை போவதோடு, அடுத்த இடத்தில் அதை விளக்கும் கஷ்டமும் சேர்ந்துகொள்ளும்.

இடைவெளியை உள்ளபடி சொல்லுங்கள். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, அரசுத் தேர்வுக்குப் படித்தேன், குழந்தை பிறந்தது, எதுவானாலும் ஒரு வாக்கியம் போதும். இங்கே சான்றிதழ் உண்மையாகவே உதவும். அண்மைத் தேதியிட்ட தேர்ச்சி ஒன்று இருந்தால், 'இப்போது திரும்பி வந்துவிட்டார்' என்று படிப்பவருக்குப் புரிந்துவிடும்.

ஏ.ஐ. வந்துவிட்டது. இனிமேல் இதெல்லாம் எதற்கு?

கடவுச்சொல் மாற்றித் தருவது போன்ற வேலைகள் குறைந்து வருகின்றன, அதை மறைக்க வேண்டியதில்லை. தேர்வுகளும் மாறுகின்றன. 2024-இல் சி.சி.என்.ஏ. பாடத்திட்டத்திலேயே செயற்கை நுண்ணறிவு நுழைந்துவிட்டது. நானும் தினமும் அதைப் பயன்படுத்துகிறேன். அது கொடுக்கும் பத்துக் கட்டளைகளில் எட்டு சரி. தப்பான இரண்டு எவை என்று கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

அரசு வேலைக்கு இந்தச் சான்றிதழ்கள் உதவுமா?

பொதுவாக இல்லை. அரசுக்கென்று தனிப் பட்டியல் உண்டு. தமிழ்நாடு அரசின் தட்டச்சர், சுருக்கெழுத்துத் தட்டச்சர் பணிகளுக்குத் தட்டச்சுத் தேர்ச்சியோடு தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் சி.ஓ.ஏ. என்ற அலுவலகக் கணினித் தேர்வையும் கேட்கிறார்கள். அந்த அறிவிக்கைகளில் கேட்பதை மட்டும் வாங்குங்கள்.

தம்பி, பையன் ஒன்றரை லட்சம் ரூபாய் கோர்ஸ் என்கிறான். அவன் அம்மாவின் சங்கிலியை அடகு வைக்கலாமா என்று யோசிக்கிறோம்.

வேண்டாம் ஐயா. சங்கிலி அம்மா கழுத்திலேயே இருக்கட்டும். மேலே செலவுக் கேள்வியில் சொன்ன கணக்கைப் பாருங்கள். ஒன்றரை லட்சத்தில் தேர்வுக் கட்டணம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். மீதி எதற்குப் போகிறது என்று விசாரியுங்கள்.

பையனுக்கு நல்ல நிலையில் இருக்கும் பழைய மடிக்கணினி ஒன்றும் வீட்டுக்கு இணைய இணைப்பும் வாங்கிக் கொடுங்கள். இலவசப் பாடங்களை வைத்து மூன்று மாதம் தினமும் இரண்டு மணி நேரம் உட்காருகிறானா என்று பாருங்கள். என்ன படிக்கிறான் என்று உங்களுக்குப் புரிய வேண்டியதில்லை. "இன்று எது கெட்டுப்போனது, எப்படிச் சரிசெய்தாய்?" என்று மட்டும் இரவுச் சாப்பாட்டில் கேளுங்கள். அவன் பதில் நாளுக்கு நாள் நீண்டுகொண்டே போனால், தேர்வுக் கட்டணத்தைக் கட்டிவிடுங்கள்.

எழுதித் தோற்றுவிட்டேன். வெளியே சொல்லவே கூச்சமாக இருக்கிறது. மறுபடி எழுதலாமா?

எழுதலாம். தோற்றது சான்றிதழில் வராது, நீங்கள் சொல்லாமல் நிறுவனத்துக்கும் தெரியாது. சிஸ்கோவில் ஐந்து நாள் காத்திருந்தால் போதும். ஏ.டபிள்யூ.எஸ்.-இல் பதினான்கு நாள். மைக்ரோசாஃப்டில் முதல் தோல்விக்குப் பிறகு இருபத்துநான்கு மணி நேரம். ஒவ்வொரு முறையும் கட்டணம் முழுதாகக் கட்ட வேண்டும் என்பதால், காத்திருக்கும் நாளை நீங்களே நீட்டிக்கொள்ளுங்கள். மதிப்பெண் தாளைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். எந்தப் பகுதியில் பின்தங்கினீர்கள் என்று அதில் தெரியும்.

2011-இல் சி.சி.என்.ஏ.வில் நானும் முதல் முறை தோற்றேன். என் தாளில் ஐ.பி. முகவரிப் பகுதி பாதாளத்தில் கிடந்தது. முகவரிகளைச் சிறு குழுக்களாகப் பிரிக்கும் சப்நெட் கணக்குதான் காலை வாரியிருந்தது. அப்போது அம்பத்தூரிலிருந்து வேலைக்குப் பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்தேன். டிக்கெட்டில் அச்சாகியிருக்கும் எண்ணின் கடைசி மூன்று இலக்கங்களை எடுத்துக்கொள்வேன். அத்தனை கணினிகளுக்கு எவ்வளவு பெரிய குழு, அதாவது எந்த மாஸ்க் வேண்டும், எத்தனை முகவரி வீணாகும் என்று டிக்கெட்டின் பின்பக்கம் போட்டுப் பார்ப்பேன். போக ஒன்று, வர ஒன்று. நாற்பத்தைந்து நாளில் சட்டைப் பைகளிலும் பர்ஸிலுமாகத் தொண்ணூறு டிக்கெட்டுகள் சேர்ந்திருந்தன. துணி துவைக்கும்போதெல்லாம் அம்மா திட்டினாள். நாற்பத்தாறாம் நாள் மறுபடி போய் எழுதினேன்.